எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி நடத்தப் போகிறீர்களா? மதுரையில் எல்லோரும் வந்து ஆட என்னென்ன செய்ய வேண்டும்

செல்லூரில் மாமா வைத்திருந்த மைக் செட் கடையில் ஒயர் சுற்றிப் பழகியவன் நான். காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, கட்சிக் கூட்டம் என்று பல வருஷம் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கினேன், அப்புறம் லேப்டாப்பில் பீட் போடக் கற்றுக்கொண்டேன், மூன்று வருஷத்துக்கு முன்னால் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் முதல் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சியை நடத்தினோம். போஸ்டரில் ‘அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். வந்தவர்கள் 43 பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், அவர்களும் எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். அன்று ராத்திரி பாக்ஸை வண்டியில் ஏற்றும்போது, “நம்ம ஊர்ல பொண்ணுங்க இதுக்கெல்லாம் வரமாட்டாங்கடா” என்று ஒருவன் சொன்னான், நானும் தலையாட்டினேன். அது தவறு. வர ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் வர முடியாதபடி நேரத்தையும் மண்டபத்தையும் வாசலையும் நாங்கள்தான் அமைத்திருந்தோம்.

அதற்கப்புறம் நிறைய நடத்தியாகிவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி போன் செய்து கேட்பதால் தெரிந்ததை மொத்தமாக எழுதிவைக்கிறேன். ஐம்பது முதல் நூற்றைம்பது பேர் வரும் நிகழ்ச்சிக்கான கணக்கு இது, ரிசார்ட்டில் நடக்கும் பெரிய விழாவுக்கு இல்லை.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

எலக்ட்ரானிக் இசை என்றால் பணக்காரப் பிள்ளைகள் ஆடுவது என்று ஒரு நினைப்பு இங்கே இருக்கிறது. சிகாகோவில் 1977இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றினார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு இடங்களில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். ‘ஹவுஸ்’ என்ற எலக்ட்ரானிக் இசை வகையின் பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்ததுதான். டெட்ராய்ட் பக்கத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று பள்ளிக்கூட நண்பர்களான மூன்று கறுப்பின இளைஞர்கள் 1980களில் டெக்னோ என்ற இன்னொரு வகையை உருவாக்கினார்கள். 1968இல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக் கருவியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்து அந்தக் கருவியை உலகத்துக்கே தெரியவைத்த வெண்டி கார்லோஸ் ஒரு திருநங்கை. நம் நாட்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ இருந்தது, பக்வாஜ் என்ற வடநாட்டு மத்தளம் வாசித்த கீதா சாராபாய் அதில் வேலை செய்திருக்கிறார். மும்பையில் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இசை இது. அதை வைத்துக்கொண்டு நாமும் ஆட்களை வெளியே நிறுத்தக் கூடாது. உலக அளவிலேயே அந்த மறதி வந்துவிட்டது. வியன்னாவைச் சேர்ந்த எலக்ட்ரிக் இண்டிகோ 1998இல் தொடங்கிய ஃபீமேல் பிரஷர் என்ற கலைஞர் கூட்டமைப்பு, விழா மேடைகளில் யார் ஏறுகிறார்கள் என்று எண்ணி வருகிறது. 2012இல் பெண் கலைஞர்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, 2020–21 வாக்கில்தான் நாலில் ஒன்றைத் தொட்டிருக்கிறது. எண்ண ஆரம்பித்தபிறகுதான் அதுவும் மாறியது, அதனால் நீங்களும் எண்ணுங்கள்.

முதல் வேலை: வராதவர்களிடம் கேளுங்கள்

வந்தவர்களிடம் ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள், போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள், இவர்களில் ஒரு பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்த்துக் கேளுங்கள். போனில் கேட்பதைவிட ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்பது நல்லது. ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும், ‘வர்றதுக்கு எது இடைஞ்சலா இருந்துச்சு’ என்று கேளுங்கள்.

நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில்களில் மூன்றைச் சொல்கிறேன். கே.கே.நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், என்னிடம் சவுண்டு கார்டு இரவல் வாங்கிப் பாட்டுப் போடுகிறவள், “வரணும்னுதாண்ணே இருந்துச்சு. ஆனா ஹாஸ்டல்ல ஆறரைக்குக் கேட்டப் பூட்டிருவாங்க. நீங்க ஏழு மணிக்குத்தான ஆரம்பிக்கிறீங்க?” என்றாள். தத்தனேரிப் பக்கம் இருக்கும் ஒரு திருநங்கை அக்கா, “வாசல்ல நிக்கிற பசங்க மேலயும் கீழயும் பாப்பாங்கல்ல, அதத் தாண்டி உள்ள வர்றதுக்கு ஒரு தெம்பு வேணும் தம்பி” என்றார். மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் மண்டபத்தின் பெயரை மட்டும் சொல்லி, “அங்கயாண்ணே? இல்லண்ணே” என்று நிறுத்திக்கொண்டான். காரணம் சொல்லவில்லை. மறுநாள் நானே அந்த மண்டபத்துக்குப் போய் வாசலில் நின்று பார்த்தேன்.

இடம்

அந்த மண்டபத்தின் முகப்பில் ஒரு சாதிச் சங்கத்தின் பெயர் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு தலைவர் படம், மாலை போட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் முப்பது தடவையாவது அங்கே பாக்ஸ் இறக்கியிருப்பேன், ஒரு தடவைகூட அந்தப் படம் என் கண்ணில் பட்டதில்லை. அவன் கண்ணில் பட்டிருக்கிறது. மதுரையிலும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் கல்யாண மண்டபங்களில் கணிசமானவை ஏதாவது ஒரு சமுதாயத்துக்குச் சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். வாடகை குறைவு, கரண்டு நன்றாக இருக்கும், பார்க்கிங் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் அந்த வாசலைத் தாண்டத் தயங்குகிறவர்கள் உங்களிடம் அதைச் சொல்லமாட்டார்கள், பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள். அதனால் நடன வகுப்பு நடக்கும் ஹால், ஓவியக் கூடம், மாடியில்லாத கஃபே, கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், குடோன் என்று பொதுவான இடமாகத் தேடுங்கள். நாங்கள் இப்போது பழைய நூல் குடோன் ஒன்றில் நடத்துகிறோம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது கையில் டேப் இருக்கட்டும். தரைத்தளமாக இருக்க வேண்டும். வாசல் 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சக்கர நாற்காலி இடிக்காமல் போகும். படி இருந்தால் சாய்தளப் பலகை போட வேண்டும், அதற்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: அரையடி உயரப் படிக்கு ஆறடி நீளப் பலகை. பந்தல்காரரிடம் கேட்டால் கனமான பலகை கிடைக்கும், அதன்மேல் தேங்காய்நார் மேட்டை ஆணியடித்துவிட்டால் வழுக்காது. பலகையைப் போட்டதும் நீங்களே ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிப் பாருங்கள். ‘நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவோம்’ என்று சொல்லாதீர்கள். பல பேர் பார்க்கத் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை யாரும் விரும்புவதில்லை, தனியாக வந்து தனியாகப் போக முடிந்தால்தான் அடுத்த தடவையும் வருவார்கள்.

கழிப்பறையை நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, லைட் எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா. நாப்கின் பாக்கெட் இரண்டைக் கவர் பிரித்து வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். ஒன்றாவது ‘எல்லோருக்கும்’ என்று எழுதிய தனிக் கழிப்பறையாக இருக்கட்டும். பெண்கள் கழிப்பறைக்குப் போனாலும் ஆண்கள் கழிப்பறைக்குப் போனாலும் வம்பு வரும் என்று பயந்து மூன்று மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரம்

டெக்னோ என்றால் நடுராத்திரி என்று யாரும் விதி போடவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிக்கிறோம். ஜன்னலுக்கெல்லாம் பந்தல்காரரின் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டால் உள்ளே ராத்திரிதான். விடுதிப் பெண்கள் ஐந்தரை வரை ஆடிவிட்டுக் கேட் பூட்டுவதற்குள் போய்விடுகிறார்கள், அதனால் நல்ல வாசிப்பெல்லாம் கடைசியில்தான் என்று வைக்காமல் நாலு மணிக்கே ஒரு முக்கியமான கலைஞரை வாசிக்கச் சொல்கிறோம்.

டவுன் பஸ்ஸைக் கணக்கில் வையுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அப்புறம் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளுக்கும் அந்தச் சலுகை வந்தது. உங்கள் நிகழ்ச்சி அந்த பஸ் ஓடும் நேரத்துக்குள் முடிந்தால் சோழவந்தானிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஒருவர் வர முடியும், முடியாவிட்டால் ஆட்டோவுக்குக் காசு இருக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மாட்டுத்தாவணியிலும் பெரியார் நிலையத்திலும் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டமும் இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்கு மட்டும் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் வெளியே கேட்கிற சத்தம் பகலில் 55 டெசிபெல்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவித்திருப்பார்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அந்த அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறர் பாட்டைப் போடுவதாக இருந்தால் உரிமக் கட்டணத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட இடத்தில் மதியம் நடத்தவே நடத்தாதீர்கள், வயசானவர்களும் நோயாளிகளும் வரவே முடியாது.

காசு

நுழைவுக் கட்டணம் என்று ஒரே தொகை வைக்காதீர்கள். ஒரு செலவுக் கணக்கைப் போட்டு (இடம், பாக்ஸ், ஜெனரேட்டர், கலைஞர் சம்பளம்) ஒரு ஆளுக்கு எவ்வளவு விழுகிறது என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு மூடிய உண்டியல் வையுங்கள். முடிந்தவர்கள் கூடப் போடுவார்கள், முடியாதவர்கள் குறைத்துப் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது, உண்டியல் பக்கத்தில் ஆள் நிற்கவும் கூடாது. நாங்கள் இதுவரை இரண்டு தடவைதான் கைக்காசு போட்டிருக்கிறோம்.

குடி வேண்டாம் என்பது என் முடிவு. தமிழ்நாட்டில் குடிப்பதற்கு 21 வயசு ஆகியிருக்க வேண்டும், அதனால் குடி இருந்தால் வாசலில் அடையாள அட்டை கேட்க வேண்டிவரும், அடையாள அட்டை கேட்டால் பழைய பெயரும் பழைய போட்டோவும் இருக்கிற திருநர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். மோரும் ஜிகர்தண்டாவும் வைத்தாலே கூட்டம் நன்றாக ஆடுகிறது.

மேடையில் யார்

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ‘பெண் டிஜே கிடைக்கவில்லை’ என்பது எல்லோரும் சொல்வது. கிடைக்கமாட்டார்கள், ஏனென்றால் கருவியைத் தொட்டுப் பழக அவர்களுக்கு இடம் இல்லை. பையன்கள் ஒருத்தன் வீட்டு மாடியில் ராத்திரி இரண்டு மணி வரை பழகுவார்கள், பெண் பிள்ளை அந்த மாடிக்குப் போக முடியுமா? அதனால் நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே பழகுவதற்கென்று ஒரு இடம் ஏற்பாடு செய்யுங்கள். வாரம் ஒரு நாள் பகலில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கும் திருநர்களுக்கும் மட்டும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை, மிக்ஸ் செய்ய மிக்ஸ்எக்ஸ், பாட்டு உருவாக்க எல்எம்எம்எஸ், இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். பேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டை) ஏற்று, பேஸைக் (கீழ்த்தொனி) குறை, அடி எங்கே விழுகிறது என்று எண்ணு, என்று சொன்னால் அரை மணி நேரத்தில் ஒருவர் இரண்டு பாட்டை ஒட்டவைத்துவிடுவார்.

பார்வையற்ற கலைஞர்களுக்கும் இதே வழிதான். ரீப்பர் என்ற மென்பொருளை திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடும் ஓசாரா என்ற துணை நிரலோடும் சேர்த்தால் திரையைப் பார்க்காமலேயே முழுப் பாட்டையும் அமைக்க முடியும். ஆனால் மேடையில் வாடகை மிக்ஸர் இருக்கும், அதில் எல்லாத் திருகும் ஒரே மாதிரி. எங்களோடு வாசிக்கும் பார்வையற்ற நண்பர் முதல் தடவை மிக்ஸர் முன்னால் நின்றபோது விரலால் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே போனார், எண்ணி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. கூட நின்ற அவருடைய அக்கா ஹேண்ட்பேக்கிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். முதல் சேனல் பேஸ் திருகில் கல் வைத்த பொட்டு ஒன்று, இரண்டாம் சேனலில் இரண்டு, பாட்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்கிற கியூ பட்டனில் வெல்வெட் பொட்டு, மாஸ்டர் வால்யூமில் நீளமான திலகப் பொட்டு. ஐந்து நிமிஷ வேலை. அவர் விரல் ஒரு தடவை மேலிருந்து கீழே தடவிப் போனது, அப்புறம் எண்ணவே இல்லை. இப்போது எங்கள் பெட்டியில் ஒயர், பேட்டரியோடு பொட்டு அட்டையும் இருக்கும்.

வரிசை போடும்போது, இருக்கிற ஒரே பெண் கலைஞரைக் கூட்டம் சேருமுன் முதல் ஆளாக வாசிக்கவைத்துக் கணக்கை முடித்துக்கொள்ளாதீர்கள். சம்பளமும் ஒன்றாக இருக்கட்டும்.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபிறகு எல்லோருக்கும் தங்கள் பீட்டோடு பறை வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. நல்லதுதான். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கி, அடித்தவர்களையும் ஊரில் ஒதுக்கிவைத்த கருவி அது, அதை மேடைக்குக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு பெரியது. அதனால் அழைப்பதாக இருந்தால் டிஜேவுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே சாப்பாடு, போஸ்டரில் அதே அளவில் பெயர். நாலு அடி பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கிக்கொள்வதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு, காசு கொடுத்து, யார் வாசித்தது என்று பெயர் போடுங்கள். பறையை வாசிக்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும், தோல் விறைத்தால்தான் சத்தம் தெறிக்கும், அதற்கு வெளியே காற்று மறைவான இடமும் தண்ணீர் வாளியும் ஏற்பாடு செய்வது நம் வேலை. எங்கள் மூன்றாவது நிகழ்ச்சியில் சவுண்டு ஆப்பரேட்டர், ‘அது சத்தமாத்தான இருக்கும், மைக் எதுக்கு’ என்று விட்டுவிட்டார். சப்வூபர் (கீழ்த்தொனிக்கான பாக்ஸ்) அதிர்வில் பறை அடிக்கிற மெல்லிய சிம்புக்குச்சியின் ஓசை ஒன்றுமே கேட்கவில்லை, வாசித்த அண்ணன்கள் கை வலிக்க ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடையில் நின்றுகொண்டே அதைக் கவனிக்காமல் விட்டேன், அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு பறைக்கும் தனி மைக், காலையிலேயே சவுண்டு செக்.

சாதிப் பெருமைப் பாட்டு கேட்டுச் சீட்டு வரும். மதுரையில் கட்டாயம் வரும். ‘இங்கே சாதிப் பாட்டு போடுவதில்லை’ என்று மேஜையில் எழுதி வைத்துவிட்டால் டிஜே தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அந்த அட்டையைக் காட்டினால் போதும்.

வாசல்

பவுன்சர் வேண்டாம். இரண்டு பேர் நிற்கட்டும், ஒருவராவது பெண்ணாகவோ திருநராகவோ இருக்கட்டும், சிரித்த முகமாக இருக்கட்டும். ‘கப்பிள் என்ட்ரி மட்டும்’, ‘தனி ஆண்களுக்கு இல்லை’ என்ற விதிகளைத் தொடாதீர்கள், அது யார் யாரோடு வரலாம் என்று நாம் தீர்மானிப்பதாகிவிடும். ‘எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று பேச்சுக்கொடுக்கவும் வேண்டாம். கேட்பவருக்கு அது சாதாரணப் பேச்சு, ஆனால் தெருப் பெயரை வைத்துச் சாதியைத் தோண்டுகிற கேள்வியாகவே அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர்.

நுழைவு அடையாளமாகக் கையில் கட்டுகிற வண்ணப் பட்டையையும் விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வரும் அமைப்பாளர்களுக்கு இது புரியவே புரியாது. தென் மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்து ஒருத்தனை ஒருத்தன் இன்ன சாதி என்று கண்டுபிடிக்கிறார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு அமைத்த குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. நாம் தெரியாமல் இரண்டு நிறம் சேர்ந்த பட்டையைக் கட்டிவிட்டு, அது யாருடைய கொடி நிறமாகவோ இருந்து, உள்ளே வந்த பிள்ளை அதைக் கழற்றவும் முடியாமல் நிற்பது எதற்கு? கறுப்பு மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

பெயரை அவர்களே சொல்லட்டும், சொன்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆணா பெண்ணா என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டிய அவசியமே தமிழில் இல்லை. ‘வாங்க, உள்ள வாங்க’ என்றால் மரியாதையும் வந்துவிடுகிறது, பாலினமும் தெரிவதில்லை. இன்னொருவரிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போதும் ‘அவங்க’ என்றால் போதும். வாலண்டியர்களுக்கு நான் பாடம் எடுப்பதே இந்த இரண்டு சொல்லைத்தான்.

‘இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது’ என்று யாராவது சொன்னால், 2012லேயே மதுரைத் தெருவில் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்கள்) பேரணி நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு திருநங்கையின் கல்யாணம் செல்லும் என்று 2019இல் தீர்ப்புச் சொன்னதும் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான்.

செல்போன் கேமரா

நாங்கள் பேசிய பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சொன்ன பயம் இதுதான். ஆடுவதை யாரோ எடுத்து ரீல்ஸ் போட, அது சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போய், அதிலிருந்து வீட்டுக்குப் போய், படிப்பையே நிறுத்திவிட்ட கதைகள் உண்டு. இரண்டாவது நிகழ்ச்சிக்கு வந்த ஒரு பெண் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு மூலையிலேயே நின்று கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், மூன்று பேர் தூக்கிப் பிடித்த செல்போன் வெளிச்சம் அந்த மூலைக்கு வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து ஆடும் இடத்தில் கேமரா இல்லை. வாசலில் ஸ்டாம்ப் குத்தும்போதே போனின் முன்னும் பின்னும் லென்ஸ்மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம், மளிகைக் கடையில் விலை ஒட்டுகிற அந்த ஸ்டிக்கர்தான். படம் எடுக்க ஆசை இருப்பவர்களுக்கு வெளியே ஒரு சுவருக்குச் சீரியல் லைட் போட்டுவைக்கிறோம், அங்கே தாங்களும் நண்பர்களும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் விளம்பரப் படங்களில் கைகளும் கருவிகளும் மட்டும். யாராவது ஸ்டிக்கரை உரித்தால் முதல் தடவை சொல்வோம், இரண்டாம் தடவை வெளியே.

ஏதாவது நடந்தால்

நடக்கும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடுங்கள், அவர்கள் பெயரும் முகமும் வாசலில் ஒட்டியிருக்கட்டும், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி தலையில் மஞ்சள் துண்டு கட்டியிருக்கட்டும். புகார் வந்தால் ‘நீ ஏன் அங்க நின்ன’ என்று கேட்கக் கூடாது. முதலில் சொன்னவரை அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், மற்றவரை வெளியே அனுப்புங்கள், நேரம் போட்டு எழுதிவையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. பொது இடத்தில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998லிருந்தே நமக்கு மாநிலச் சட்டம் இருக்கிறது, அவர் காவல் நிலையத்துக்குப் போக விரும்பினால் கூடப் போங்கள்.

கஷ்டமானது, தப்பு செய்தவர் நம் நண்பராக இருக்கும்போதுதான். எங்களில் ஒருவன், பாக்ஸ் தூக்குவதிலிருந்து எல்லா வேலையும் பார்த்தவன், ஆடும்போது ஒரு பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். விளையாட்டு என்றான். ‘இவ்வளவு உழைச்சவன்டா’ என்று மற்றவர்கள் இழுத்தார்கள். ஒரு வருஷம் வர வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவன் வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, ஆனால் அந்தப் பெண் அடுத்த மாதம் நாலு தோழிகளோடு வந்தாள்.

சத்தமும் வெளிச்சமும்

அரங்குக்குள் உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு, பதினைந்து நிமிஷச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. மிக்ஸர் பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்துக் கவனியுங்கள், காதடைப்பான் வாங்கி வாசலில் வையுங்கள். பாக்ஸிலிருந்து தள்ளி ஒரு அமைதி அறை வேண்டும், பாயும் ஃபேனும் தண்ணீரும் போதும். சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசம் உள்ளவர்கள், படபடப்பு வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், சும்மா களைத்தவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் லைட்டைப் போடாதீர்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

காது கேளாதவர்கள் இசைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளென்னி காது கேளாதவர், அதிர்வு ஏறுவதற்காக வெறுங்காலோடு வாசிப்பவர். சப்வூபர் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு மரப்பலகை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். சிமெண்டுத் தரையில் வராத அதிர்வு பலகையில் முழங்கால் வரை ஏறும்.

போஸ்டர்

‘அனைவரும் வருக’வை எடுத்துவிட்டு நாங்கள் இப்போது இப்படி எழுதுகிறோம்:

“ஞாயிறு மதியம் 2 முதல் 7.30 வரை. தரைத்தளம், வாசலில் ஒரு படி, பலகை போட்டிருக்கிறோம். கழிப்பறை மூன்று, ஒன்று எல்லோருக்கும். உட்கார 30 நாற்காலி. மின்னும் லைட் இல்லை. மது இல்லை. உள்ளே கேமரா இல்லை. கட்டணம் உங்களால் முடிந்தது. அடையாள அட்டை கேட்கமாட்டோம். டவுன் பஸ் நிறுத்தம் 200 மீட்டர், தெருவிளக்கு எரிகிறது. தனியாக வருகிறவர்கள் போன் செய்தால் நிறுத்தத்துக்கே ஒருவர் வருவார்.”

இதோடு ஒரு போன் நம்பரும் போடுங்கள், கூப்பிட்டால் எடுங்கள். படி இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள், முடியாததை மறைத்து வரவழைத்துத் திருப்பி அனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம்.

மறுநாள்

எண்ணுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சீக்கிரம் போனார்கள், எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தவர்கள். வருகிறேன் என்று சொல்லி வராதவர்களில் மூன்று பேருக்குப் போன் செய்யுங்கள். கலைஞர்களுக்குப் பாக்கி இருந்தால் அன்றே கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சத்தம் தொந்தரவாக இருந்ததா என்று கேளுங்கள். வாடகைச் சாமானைத் திருப்பும்போது ஒட்டியதையெல்லாம் உரித்துச் சுத்தமாகக் கொடுங்கள். நாங்களும் மிக்ஸரில் இருந்த பொட்டுகளை உரித்து, பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். போன தடவை கடைக்காரர், உரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இருட்டு மேடையில் அவருடைய ஆப்பரேட்டர்களுக்கும் அதைத் தடவித்தான் கை போகிறதாம்.